டைகர் ஏன் திரும்ப மறுக்கிறது?

"என்னிடம் இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியான டைகரின் 1/16 அளவு ரிமோட் மாடல் இருக்கிறது. நேராக ஜம்மென்று ஓடும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையை இரும்பில் மாட்டியதிலிருந்து, கம்பளத்தில் நின்ற இடத்திலேயே திருப்பினால் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. இன்னும் வேகமான மோட்டார் போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கியர்பாக்ஸைக் கவனியுங்கள்.

சின்னப் பல்சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். பள்ளிப் பாடம்தான். நிஜ டைகர் சாலையில் மணிக்குச் சுமார் 38 கி.மீ. ஓடியது. அதில் பதினாறில் ஒரு பங்கு என்றால் நொடிக்கு 66 செ.மீ. பட்டையை இழுக்கும் அதன் சக்கரம் ஒரு சுற்றில் 20 கண்ணிகளை நகர்த்தும், கண்ணிக்கு 13 செ.மீ. மாடலில் அது சுற்றுக்கு 16 செ.மீ. ஆகிவிடும். ஆக, சக்கரம் நிமிடத்துக்கு 240 சுற்று சுற்றினால் போதும். உள்ளே இருக்கும் 380 ரகச் சிறு மின்மோட்டாரோ சும்மா ஓடவிட்டால் 15,000 சுற்றுக்குப் பக்கம் போகும். அறுபது மடங்கு குறைக்க வேண்டும். அப்படியானால் கடையில் விற்கும் கியர்பாக்ஸின் அட்டைப்பெட்டிமேல் 3:1, 4:1 என்று போட்டிருக்கிறார்களே? அது மொத்தக் குறைப்பாக இருக்க முடியாது. இருந்தால் உங்கள் டைகர் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கூடத்துச் சுவரை இடித்துக்கொண்டு போய்விடும். எண் பெரிதானால் இழுவை அதிகம், வேகம் குறைவு. அந்த எண்ணை அவ்வளவுக்கு மட்டும் நம்புங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். டாங்கியின் சக்கரம் கார் சக்கரம் மாதிரி திரும்பாது. ஒரு பட்டை முன்னே போக, மற்றது பின்னே போக, மொத்த வண்டியும் தரையில் தேய்ந்துகொண்டுதான் திரும்பும். நீளமான அழிரப்பர் ஒன்றைக் காகிதத்தில் அழுத்தி அப்படியே திருகிப் பாருங்கள். நடுப்பகுதி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு முனைகளும் வில்லாக வழித்துக்கொண்டு போகும், துகள் உதிர்வதும் அங்கேதான். பட்டைக்கும் இதே கதி. நடுவில் தேய்மானம் இல்லை, முனையில் முழுத் தேய்மானம். சராசரியாகப் பார்த்தால், உராய்வு முழுவதும் நடுவிலிருந்து பட்டை நீளத்தில் கால்பங்கு தள்ளி வேலை செய்வதாக வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போடுவோம். நிஜ டைகரில் தரையைத் தொடும் பட்டை நீளம் சுமார் 3.6 மீட்டர், இரு பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடைவெளி 2.82 மீட்டர். மாடலில் 22.5 செ.மீ., 17.6 செ.மீ. எடை 4 கிலோ, அதாவது 40 நியூட்டன். கம்பள உராய்வுக் கெழுவை 0.7 என்று வைத்தால் உராய்வு 28 நியூட்டன். நீளத்தில் கால்பங்கு 5.6 செ.மீ. இரண்டையும் பெருக்கி, இடைவெளியான 17.6-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பட்டையும் இழுக்க வேண்டியது 9 நியூட்டன். நேராக ஓட? எடையில் பத்தில் ஒரு பங்கு தடை என்று தாராளமாகவே வைத்தாலும் பட்டைக்கு 2 நியூட்டன்தான். திரும்புவதற்கு நாலரை மடங்கு! இரும்புப் பட்டை மாட்டியதில் எடையும் ஏறியிருக்கிறது, முனகாமல் என்ன செய்யும்?

முனகும்போது மோட்டாருக்குள் நடப்பதுதான் மோசம். சுழற்சி குறையக் குறைய அது இழுக்கும் மின்னோட்டம் ஏறும். அடியோடு நின்றால் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும், வெளியே வரும் வேலை பூஜ்யம், பேட்டரி கொடுப்பதெல்லாம் சூடு. அந்த வாடை எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக ரிமோட் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்து ஒரு மோட்டாரைக் கருக்கியிருக்கிறேன்.

மொத்தக் குறைப்பை 45-லிருந்து 60 ஆக மாற்றினால் மோட்டார் தரவேண்டிய முறுக்குவிசை முக்கால் பங்காகும். மின்னோட்டமும் ஏறக்குறைய முக்கால். ஆனால் கம்பிச்சுருளின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அது பதினாறில் ஒன்பது பங்காக, ஏறக்குறையப் பாதியாக விழுந்துவிடும். விலையாகக் கொடுப்பது உச்ச வேகத்தில் கால்பங்கு மட்டும். இதைவிட நல்ல பேரத்தை நான் பார்த்ததில்லை.

மாடலில் பட்டைக்கொரு மோட்டார், நிஜ டைகரில் ஒரே எஞ்சின்தான். திரும்பும்போது உள்பக்கப் பட்டையில் மிஞ்சும் சக்தியை வெளிப்பக்கத்துக்கு அனுப்பும் பல்சக்கர அமைப்பு அதில் இருந்தது. இந்த வித்தை லேசில் கைவராது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கே கியர்பாக்ஸ் ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது. பீரங்கிக்கும் கவசத்துக்கும் கிடைக்கிற கைத்தட்டலில் கொஞ்சம் பல்சக்கர ஆய்வுக்கும் கிடைக்கலாம், நிதியும் கூடவே வரலாம் என்பது என் ஆசை.

சரி, கியர்பாக்ஸ் வாங்கும்போது பற்கள் எஃகா, அச்சுகள் பால் பேரிங்கில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். இரும்புப் பட்டைக்கு பிளாஸ்டிக் பற்கள் தாங்காது. மோட்டாரைப் பொருத்தும்போது அதன் அச்சிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே நோட்டுத்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து நெருக்கி, திருகாணியை முறுக்குங்கள். அப்புறம் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். கிழிந்து வந்தால் நெருக்கம் அதிகம், மடிப்பே இல்லாமல் வந்தால் பல் சரியாகப் பிடிக்கவில்லை. விசிறி மடிப்பு மாதிரி மடிந்து, கிழியாமல் வந்தால் மேல்மூடியைப் போட்டுவிடலாம்.