கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த டை? பெட்டியை வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

அமெரிக்காவில் இலக்கு சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிச் சேர்த்து, அதில் புதிய பிரைமரும் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் ஏற்றித் தாங்களே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய அங்கே கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குத் தயாரித்தால்தான் தேவை. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு நிலைமை வேறு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பு உரிமத்துக்கு உட்பட்டது. மறுநிரப்பல் வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. மருந்தின் அளவைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சான டையை வாங்கும்போது மட்டும் கம்பெனிப் பெயரையும் விலையையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் (சுடும்போது தோட்டா இருக்கும் இடம்) எதன்மேல் முட்டி நிற்கிறது என்பதுதான்.

கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு வழக்கமாக மூன்று டை கொண்ட பெட்டி விற்கிறது. முதல் டை, சுடும்போது விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கி, எரிந்த பிரைமரை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது, குண்டு உட்காரும் அளவுக்குக் கூட்டின் வாயைச் சற்றே விரிக்கிறது. மூன்றாவது, குண்டைக் குறித்த ஆழத்துக்கு அழுத்தி, விரித்த வாயை மறுபடி மூடி இறுக்குகிறது. இந்த இறுக்கும் வேலையைக் கிரிம்ப் என்பார்கள். அதைத் தனியே செய்ய நான்காவது டை கொண்ட பெட்டிகளும் உண்டு.

சுருக்கும் டையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: டங்ஸ்டன் கார்பைடு வளையம் உள்ளதை வாங்குங்கள். சாதாரண எஃகு டையில் ஒவ்வொரு கூட்டுக்கும் வழவழப்பு எண்ணெய் பூசி, பின்னர் துடைக்க வேண்டும். கார்பைடில் நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு அந்த வேலை இல்லை. கூடுதல் விலை சில மாலைகளிலேயே ஈடாகிவிடும். .357 சிக் போன்ற கழுத்துள்ள தோட்டா மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கார்பைடு டை இருந்தாலும் எண்ணெய் பூசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டு, அதை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 9 மி.மீ. லூகர், .45 ஏ.சி.பி. போன்ற தானியங்கிப் பிஸ்டல் தோட்டாக்களுக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. அவை கூட்டின் வாய் ஓரம் அறையின் உள்விளிம்பில் முட்டுவதால் நிற்கின்றன. அந்த ஓரத்தை உள்நோக்கிச் சுருட்டிவிட்டால் முட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தோட்டா அறைக்குள் அளவுக்கு மேல் உள்ளே போய்விடும். ஆகவே இவற்றுக்கு வாயை நேராக, மிக லேசாக மட்டும் ஒடுக்கும் டேப்பர் கிரிம்ப் டைதான் வேண்டும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம், .44 மேக்னம் போன்ற ரிவால்வர் தோட்டாக்கள் அடிவிளிம்பால் நிற்பவை. அவற்றின் வாயை, குண்டில் அதற்கென்றே உள்ள பள்ளத்துக்குள் சுருட்டி விடலாம்; அதுதான் ரோல் கிரிம்ப். பலமான மருந்து ஏற்றினால் அப்படிச் சுருட்டியே ஆக வேண்டும்.

ஏன் என்பதற்கு, வகுப்பில் கலந்துகொண்ட ஒருவர் கொண்டுவந்த எடை குறைந்த .357 ரிவால்வரைச் சொல்லலாம். பிஸ்டலுக்குச் செய்வதைப் போலவே அந்தத் தோட்டாக்களுக்கும் டேப்பர் கிரிம்ப் மட்டும் கொடுத்திருந்தார். சில குண்டுகள் சுட்ட பிறகு, தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுழலவே மறுத்தது. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், இன்னும் சுடாத ஒரு தோட்டாவின் குண்டு, பின்னுதைப்பில் கூட்டிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, உருளையின் முன்முகத்தைத் தாண்டித் துப்பாக்கிச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது. ரோல் கிரிம்ப் டை இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

பிஸ்டலில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. மேகசினிலிருந்து மேலே ஏறும் தோட்டாவின் மூக்கு ஏற்றச் சரிவில் மோதும்போது, பிடிப்புப் போதாவிட்டால் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் உள்ளிடம் கொஞ்சம் குறைந்தாலும் அழுத்தம் தாறுமாறாக ஏறும். இதற்குக் கிரிம்பை இன்னும் இறுக்குவது தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் குண்டு நசுங்கிவிடும், பித்தளையோ சற்றுத் திரும்பி விரியும், பிடிப்பு முன்பைவிடத் தளர்ந்துபோகும். குண்டைப் பிடித்து வைப்பது சுருக்கும் டையும் விரிக்கும் டையும் சேர்ந்து உண்டாக்கும் கூட்டின் இறுக்கமே. சோதிப்பது எளிது. மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவைச் செய்து, நீளத்தைக் கேலிப்பரால் அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். மறுபடி அளக்கும்போது நீளம் குறைந்திருந்தால், விரிக்கும் டைக்குள் இருந்து கூட்டின் வாய்க்குள் நுழையும் உட்கம்பி உங்கள் குண்டுக்குப் பெரிது அல்லது சுருக்கும் டை போதாது என்று அர்த்தம்.

இந்த உட்கம்பியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம். செம்புறை போட்ட 9 மி.மீ. குண்டின் விட்டம் 0.355 அங்குலம்; வார்த்த ஈயக் குண்டு பெரும்பாலும் 0.356. .45 ஏ.சி.பி.யில் அது 0.451க்கும் 0.452க்கும் உள்ள வித்தியாசம். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தானே என்று விடக்கூடாது. செம்புறைக் குண்டுக்கான உட்கம்பியோடு மென்மையான ஈயக் குண்டை ஏற்றினால் கூடு அதைப் பிழிந்து சிறிதாக்கிவிடும்; பிறகு குழலில் ஈயம் அப்பிக்கொள்ளும். ஈயம் ஏற்றுபவர்கள் இரண்டு படியாக விரிக்கும் லைமன் எம் டை போன்றதைத் தனியாக வாங்குவது நல்லது. அதே காரணத்தால், கடைசியில் கார்பைடு வளையத்தின் வழியாக முழுத் தோட்டாவையும் மறுபடி அழுத்தும் லீ ஃபேக்டரி கிரிம்ப் டையை, தடித்த ஈயக் குண்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

.38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும் ஒரே டை பெட்டி போதும், ஆனால் கூட்டின் நீளம் முறையே 1.155, 1.290 அங்குலம். .38க்குச் சரிசெய்த டையில் .357 கூட்டைச் செலுத்தினால் அது மடங்கி நசுங்கும். இரண்டையும் ஏற்றுபவர்கள், இந்த 0.135 அங்குல வித்தியாசத்துக்கு அதே தடிமனுள்ள வளையம் ஒன்றை .357 ஏற்றும்போது டைக்கு அடியில் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டியதில்லை.

குண்டை அழுத்தும் தண்டின் முனையும் குண்டின் மூக்கும் பொருந்த வேண்டும்; உருண்டை மூக்குக்கான முனையால் தட்டை மூக்குக் குண்டை அழுத்தினால் அது சாய்ந்து உட்காரும். ஈயக் குண்டென்றால் அழுத்துவதையும் இறுக்குவதையும் தனித்தனி டையில் செய்யுங்கள். இரண்டையும் ஒரே அசைவில் செய்தால், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் குண்டின் பக்கத்தைக் கூட்டின் வாய் சீவி எடுத்துவிடும்.

கடைசியாக, டையை மாட்டிக் கூட்டை அதற்குள் அழுத்தும் கருவியான பிரஸ். பெரும்பாலான டைகளின் மரை எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்குப் பதினான்கு சுற்று. டில்லன் கம்பெனியின் ஸ்கொயர் டீல் பி என்ற பிரஸ் இதற்கு விலக்கு, அதற்கு அதன் சொந்த டையே பொருந்தும். டில்லனின் மற்ற டை பெட்டிகளிலும் விரிக்கும் டை இருக்காது, டில்லன் பிரஸ்களில் மருந்து கொட்டும் புனலே அதைச் செய்துவிடுகிறது. வேறு பிரஸ்ஸுக்கு அந்தப் பெட்டியை வாங்குபவர் விரிக்கும் டையைத் தனியே தேட வேண்டியிருக்கும். கூட்டின் அடியைப் பிடித்து நிறுத்தும் ஷெல் ஹோல்டரை லீ கம்பெனி பெட்டியோடு தருகிறது, பலர் தருவதில்லை. பழைய டையை வாங்கினால், கார்பைடு வளையத்தில் கீறலோ விரிசலோ உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது, ஷெல் ஹோல்டர் அதில் பலமாக மோதும்படி முன்னவர் சரிசெய்திருந்தால் அது ஏற்கெனவே உடைந்திருக்கக்கூடும்.