மானை விரட்டாதீர்கள், கமராவைத் திருத்துங்கள்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் படம் எடுக்க வருகிறவர்கள் புள்ளிமான்களைக் கைதட்டி விரட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது. சென்ற வாரம் ஒருவர், மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்த தாய்மானையும் குட்டியையும் எழுப்பி ஓடவைத்தார். ஏன் என்று கேட்டேன். "சூரியன் அதன் முதுகுப் பக்கம் நிற்கிறது, படம் கறுத்துப்போகிறது" என்றார்.

என்னிடம் படிக்க வருகிறவர்களும் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள்: சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் படம் விழுமாம். தவறு. படத்தைக் கறுக்கவைப்பது சூரியன் அல்ல, வெளிச்சத்தை அளக்கும் கமராவின் ஒளிமானி. தன் முன்னால் உள்ள வெளிச்சத்தை அது நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் கடலும் வானமும் பளீரென்று இருந்தால் ஒளியைக் குறைத்துவிடும், மான் கரிக்கட்டையாகிவிடும். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கமராவில் உள்ள எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1க்குத் திருப்புங்கள், போதாவிட்டால் +2. இதற்காக ஒரு உயிரை விரட்ட வேண்டுமா?

வெளிச்சம் மானின் பின்னாலிருந்து வரும் பின்னொளி என்றாலே ஒளியைக் கூட்டத்தான் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பின்னணியில் ஆலமர நிழல் இருந்தால் நிலைமை தலைகீழ். ஒளிமானி இருட்டைக் கண்டு ஒளியைக் கூட்டும். மானின் முதுகு மயிரில் ஓடும் ஒளிக்கோடு வெளுத்து அழிந்துவிடும். அங்கே −1. காது மடலில் நரம்பு தெரிவதும், வளரும் கொம்பின் மென்மயிர் ஓரமெல்லாம் மின்னுவதும் இந்த வெளிச்சத்தில் மட்டும்தான் கிடைக்கும். மானின் முன்பக்கம் நேரே விழும் வெயில் இதைத் தராது.

கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரோ (RAW) கோப்பில் எடுங்கள். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள்; அங்கே முட்டி நின்றால் படம் வெளுக்கிறது. நிழலைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. லென்ஸில் பக்கவெளிச்சம் படாமல் மறைக்கும் லென்ஸ் ஹூட்டைப் பையிலேயே வைத்திருக்காதீர்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். மானைத் திருப்புவதற்காகப் பொலித்தீன் பையோடு பழத்தை நீட்டுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். பழம் முடிந்தால் அது பையையும் தின்னும்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் கடலை நோக்கி எடுப்பதெல்லாம் பின்னொளிதான். அங்கே நீர்க்காகத்தை நிழலுருவமாகவே விடுங்கள். சூரியனைத் தவிர்த்து, பக்கத்து வானத்தில் ஒளியை அளவெடுத்து, அந்த அளவைக் கமராவில் பூட்டிக்கொண்டு, அலகும் கழுத்தும் தனியாகத் தெரியும்வரை பொறுத்திருங்கள்.

லென்ஸ் வழியாக வரும் ஒளியையே கண்ணுக்குக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கமராவில் நீள லென்ஸைப் பூட்டிக்கொண்டு வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை மட்டும் நேரே பார்க்காதீர்கள். விழித்திரை கருகும்போது வலிக்காது. பார்வை குறைந்த பிறகுதான் தெரியவரும்.