ரோட்டுக்கும் மணலுக்கும் ஒரே சைக்கிள்

திருகோணமலை நிலாவெளி ரோட்டுல சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும், கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில திருப்பிப் பாருங்கோ, கொஞ்சத் தூரத்திலயே முன் சில்லு மணலுக்க புதைஞ்சு இறங்கித் தள்ளத்தான் வேணும். இதுக்கு கியர் வேணும், ஷொக் (குலுக்கலைத் தாங்குற ஸ்பிரிங்) வேணும் எண்டு கனபேர் சொல்லுவாங்க. எனக்கெண்டா டயரும் அதுக்குள்ள இருக்கிற காத்தும்தான் முக்கால்வாசி விஷயம்.

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ எண்டு வைங்கோ, பின் சில்லுக்கு ஒரு 45 கிலோ வரும். காத்தழுத்தம் 50 பிஎஸ்ஐ (பம்பில காட்டுற அழுத்த அளவு) இருந்தா டயர் நிலத்தில பதியுற இடம் சுமார் 13 சதுர சென்ரிமீற்றர், ஒரு தீப்பெட்டியை விடச் சின்னது. 25க்கு இறக்கினா அது 26 ஆகுது, அதே பாரம் ரெண்டு மடங்கு இடத்தில பரவுறதால மணலை அமத்துறது பாதியாகி சில்லு மேலால ஓடும்.

அப்ப ரோட்டுல அகல டயர் இழுக்காதா எண்டு கேப்பீங்க. ஒரே அழுத்தத்தில அகல டயரும் ஒல்லி டயரும் பதியுற பரப்பளவு ஒண்டுதான், ஆனா அகலத்தில அது நீளம் குறைஞ்சு பதியும், ரப்பர் குறைய மடியும், வீணாகிற சக்தியும் குறையும். அதோட கல்லு ரோட்டுல இறுகின டயர் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடுதே, அந்தத் தூக்குற சக்தி உங்கட கால்ல இருந்துதான் போகுது. அதால 2 இஞ்சி டயர், நடுவில வழவழப்பு, ஓரத்தில சின்னப் பல்லு, இதுதான் என்ர தெரிவு.

பிரேமுக்கு ஷொக் இல்லாத பழைய 26 இஞ்சி இரும்பு மவுண்டன் பைக் ஒண்டு தேடுங்கோ. ஒரு கவனம், 26 எண்டு எழுதினதெல்லாம் ஒண்டில்ல, 26×1 3/8 டயருக்கு ரிம் 590 மில்லிமீற்றர், மவுண்டன் டயருக்கு 559, ஒண்டு மற்றதுக்குப் பொருந்தவே பொருந்தாது, டயர் ஓரத்தில இருக்கிற இலக்கத்தை வாசிச்சுப் போட்டு வாங்குங்கோ. கிடைச்ச சைக்கிளில மலிவான ஷொக் ஃபோர்க் (முன் சில்லைப் பிடிக்கிற கவை) இருந்தா, அதைக் கழட்டி சாதா ஃபோர்க் போட்டாலே ஒரு கிலோவுக்கு மேல குறையும். ரிம்மும் டயரும் பாரம் குறைஞ்சா இன்னும் நல்லம், ஏனெண்டா வேகம் எடுக்கேக்க சில்லு ஓரத்துப் பாரத்தை முன்னுக்கும் தள்ளோணும் சுத்தவும் வைக்கோணும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை.

கியர் ஒண்டு காணும். முன்னுக்கு 38 பல்லு, பின்னுக்கு 18, பெடல் ஒருக்கா சுத்த 4.4 மீற்றர் போகும், நிமிசத்துக்கு 60 சுத்து எண்டா மணிக்கு 15, 16 கிலோமீற்றர். கச்சான் காத்து முகத்தில அடிக்கிற நாளுக்கு இதுவே தாராளம், கோணேசர் கோயில் ஏத்தத்துக்கு எழும்பி நிண்டு மிதியுங்கோ. செயின் மேலயிருந்து பாக்க நேர்கோட்டில இருக்கோணும், கோணினா பல்லும் தேயும், கழண்டும் விழும்.

கைப்பம்பு ஒண்டு பிரேமில கட்டியிருக்கட்டும். மணலால வெளிய வந்தவுடனே திரும்பக் காத்து அடிக்காமல் ரோட்டுல விட்டீங்களெண்டா முதல் குழியில ரிம் ரியூப்பை நசுக்கி, பாம்பு கொத்தினமாதிரி பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை விழும்.