பெரிய கோயில் கலசத்தில் காலம் கொஞ்சம் வேகம்

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பாடம் ஒளியோ ஈர்ப்போ எதுவானாலும், மணி அடிக்கிற நேரத்தில் ஒரு கை உயரும். "டீச்சர், டைம் டிராவல் நிஜமாவே முடியுமா?" முன்பெல்லாம் ஆர்வத்தில் கேட்டார்கள். இப்போது கைப்பேசி வீடியோவில் யாரோ "எதிர்காலத்திலிருந்து வந்தவன் நான்" என்று பேசியதை நம்பிக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எதிர்காலத்துக்குப் போவது உண்மை, அளந்தே பார்த்துவிட்டார்கள். கடந்த காலத்துக்கு யாராவது திரும்பினார்கள் என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது.

யாருக்குக் காலம் மெதுவாக ஓடுகிறதோ, அவர் மற்றவர்களின் எதிர்காலத்துக்குள் போகிறார் என்று அர்த்தம். முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம். பூமியை நெருங்க நெருங்கக் காலம் மெதுவாக ஓடும். ஐன்ஸ்டீன் 1915-இல் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாடு இப்படிச் சொல்கிறது. தஞ்சை பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தை அந்த உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். கலசத்தருகே ஒரு கடிகாரமும் தரையில் ஒரு கடிகாரமும் வைத்தால், மேலே உள்ளது ஆண்டுக்கு 0.23 மைக்ரோ வினாடி முந்தும். ராஜராஜன் கோயிலை எழுப்பி முடித்த 1010 முதல் இன்றுவரை கூட்டினால் 0.23 மில்லி வினாடி. ஒரு முறை கண் சிமிட்டும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அது சுழி இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. பெரிய கோயிலில் மூன்றில் ஒரு பங்கு உயரம், அதாவது 22.5 மீட்டர். அவ்வளவு உயரத்திலேயே இந்த வேறுபாட்டை 1960-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இரு இயற்பியலாளர்கள் காமா கதிர்களை வைத்துப் பிடித்தார்கள். 2010-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் அணுக் கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியதற்கே வித்தியாசம் தெரிந்தது.

வேகமும் காலத்தை மாற்றும். வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக நகரும். இது 1905-இல் வந்த சிறப்புச் சார்பியல். மியூவான் என்றொரு துகள், ஏறக்குறைய 15 கி.மீ. உயரத்தில் விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் 660 மீட்டரில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அதன் காலம் நீண்டுவிடுகிறது. அதனால்தான் தரைவரை வந்து சேர்கிறது.

நம் ஊர் வயலிலும் இதைப் பார்க்கலாம். வரப்புத் தகராறு என்றால் இப்போது சர்வேயர் டிஜிபிஎஸ் (துல்லியம் கூட்டிய ஜிபிஎஸ்) கருவியோடு வருகிறார். மூலைக்கல் மேல் கம்பை ஊன்றி, அதில் உள்ள குமிழி நடுவுக்கு வரும்வரை இம்மி இம்மியாகச் சாய்த்து நிமிர்த்துவார். அப்புறம் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பங்காளிகள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பின் தலையில் உள்ள கருவி, 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தை வாங்கித்தான் இடத்தைக் கணிக்கிறது. அந்தக் கடிகாரங்கள் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பின்தங்கும். உயரத்தால் 45 முந்தும். கழித்தால் 38 முந்தல். அந்த 38 மைக்ரோ வினாடிக்குள் ஒளி 11 கி.மீ. போய்விடும், இங்கே சண்டையோ அரையடி வரப்புக்கு. அதனால் விண்ணில் ஏவும் முன்பே கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள்.

இதையே பெரிதாக்கிப் பாருங்கள். 17 வயது அக்கா, ஒளிவேகத்தில் 99.5 விழுக்காடு வேகத்தில் போய்த் திரும்புகிறாள். அவள் கைக்கடிகாரத்தில் 2 ஆண்டு. ஊரில் 20 ஆண்டு. 19 வயதில் இறங்குபவளை வரவேற்க, 13 வயதில் விட்டுப்போன தம்பி 33 வயதில் நிற்பான். அக்காவுக்கு இது எதிர்காலப் பயணம்தான். கோட்பாட்டில் தடையே இல்லை. அந்த வேகத்துக்கு ஏற்றும் ஆற்றல்தான் நம்மிடம் இல்லை. விண்வெளி நிலையத்தில் வேகத்தின் விளைவு உயரத்தின் விளைவை மிஞ்சிவிடும். அங்கே ஆறு மாதம் இருந்து வருபவர்கள் நம்மைவிட ஏறத்தாழ 0.005 வினாடி இளமையாக இறங்குகிறார்கள்.

இந்த இடத்தில் யாராவது ககுத்மி ராஜா கதையைச் சொல்வார்கள். மகள் ரேவதியோடு பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்ட கதை. பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், இன்றும் பிடிக்கும். ஆனால் கதை எத்தனை மைக்ரோ வினாடி என்று சொல்லாது. அதைச் சொன்னது சமன்பாடு, சரிபார்த்தது கடிகாரம்.

பின்னோக்கிப் போவதற்கு வருவோம். கறந்த பால் மடி புகாது என்போம். சமன்பாடுகள் அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடவில்லை. சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் பாதை வளைந்து தன் கடந்த காலத்தையே தொடும் என்று 1949-இல் கணித மேதை கர்ட் கோடல் காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழலவில்லை. 1988-இல் இயற்பியலாளர் கிப் தோர்ன் குழுவினர் புழுத்துளை வழியைக் கணக்கிட்டார்கள். வெளியிலும் காலத்திலும் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம் போன்றது அது. அதைத் திறந்தே வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் (சுழிக்கும் கீழான ஆற்றல்) வேண்டும், அதுவும் ஏராளமாக. தாத்தாவின் கல்யாணத்தைத் தடுத்துவிட்டால் நீ எப்படிப் பிறப்பாய் என்ற முரண் வேறு நிற்கிறது.

இதையெல்லாம் பள்ளிப் பாடத்தோடு நிறுத்தாமல் எழுதக் காரணம் உண்டு. ஒரு மாணவனின் அப்பா பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒதுங்கி நின்று கேட்டார்: "டீச்சர், இடி விழுந்த கலசத்துல இரிடியம் இருக்காம், காலத்தையே நிறுத்துமாம், நாசாவே கோடிக்கணக்குல வாங்குதாம். பங்கு போடலாமா?" அரிசியை இழுத்துக் காட்டினார்களாம். அரிசிக்குள் இரும்புத்தூளை ஏற்றி, பாத்திரத்தில் காந்தத்தை மறைத்து வைத்துச் செய்கிற வித்தை அது. இந்த ஆசையில் கோயில் கலசத்தையே திருடிய வழக்குகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. எந்த உலோகமும் காலத்தை நிறுத்தாது. பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

கடந்த காலத்துக்குப் போகும் வழியை இயற்கையே அடைத்துவிடும் என்று 1992-இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஓர் ஊகத்தை முன்வைத்தார். அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஈர்ப்பையும், நுண்துகள்களின் விதிகளான குவாண்டத்தையும் இணைக்கும் கோட்பாடு கைக்கு வந்தால்தான் விடை தெரியும். அந்த ஆராய்ச்சி சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் நடக்கிறது. நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு, ஜெஸ்ட் (JEST) என்ற நுழைவுத் தேர்வு எழுதி அங்கே போகலாம். பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்பத் தயங்குகிற பெற்றோர் என்னிடம் வந்து பேசுங்கள்.