லாக் இருந்தது, ஆனால் தாமதமாக வந்தது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் 2011-இல் நுழைந்த ஒரு பிழை, 2016 நவம்பர் இறுதியில்தான் சரிசெய்யப்பட்டது. பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-8655 என்பது அதன் பதிவெண். திருத்தம் என்னவோ சில வரிகள்தான். ஆனால் ரேஸ் கண்டிஷன் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடுவதால் வரும் பிழை) எப்படி ஒளிந்திருக்கும், அதை எங்கே மடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நெட்வொர்க்கில் போகிற வருகிற பாக்கெட்டுகளை அப்படியே பிடித்துக் காட்டும் புரோகிராம்கள், கெர்னலோடு ஒரு ரிங் பஃபரை, அதாவது பிளாக்குகளாகப் பிரித்துச் சுழற்சி முறையில் நிரப்பும் நினைவகத்தை, பகிர்ந்துகொள்ளலாம். அந்த ரிங்குக்கு மூன்று பதிப்புகள் இருந்தன. மூன்றாவதில் மட்டும் கூடவே ஒரு டைமர் ஓடும். முழுக்க நிரம்பாத பிளாக்கையும் குறித்த நேரத்தில் புரோகிராமிடம் ஒப்படைக்க அது தேவை.

ரிங் வந்த பிறகு பதிப்பை மாற்றக் கூடாது. இதற்கான சோதனையும் நிரலில் இருந்தது: ரிங் இருந்தால் மாற்ற மறுத்துவிடும். சரி, அப்புறம் எங்கே ஓட்டை?

ரிங் உருவாவது பல படிகளில் நடக்கிறது. முதலில் பதிப்பைப் பார்க்கிறது, நினைவகம் ஒதுக்குகிறது, டைமரைத் தொடங்குகிறது. ரிங்கை சாக்கெட்டோடு (புரோகிராம் நெட்வொர்க்கை அணுகக் கெர்னல் தரும் முனை) இணைப்பது அதற்கும் பிறகுதான். இந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் வேலை) வந்து முதல் பதிப்புக்கு மாற்றச் சொன்னால், சோதனை சாக்கெட்டைப் பார்க்கும். ரிங் இன்னும் அங்கே இல்லை. மாற்றிவிடும். பிறகு சாக்கெட்டை மூடும்போது, முதல் பதிப்புக்கு டைமர் கிடையாதே என்று கெர்னல் அதை நிறுத்தாமலே நினைவகத்தை விடுவிக்கிறது. டைமரோ நேரம் வந்ததும் அங்கே எழுதியிருக்கும் முகவரியில் உள்ள ஃபங்ஷனை அழைக்கும். அதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் தன் முகவரியை எழுதிவைத்திருந்தால், கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடுவது அவருடைய வேலை. சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) ஆகிவிடலாம்.

வியப்பு என்னவென்றால், ரிங்கை உருவாக்கும் ஃபங்ஷனில் ஏற்கெனவே சாக்கெட் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) இருந்தது. ஆனால் டைமர் தொடங்கிய பிறகுதான் அதைப் பிடித்தார்கள். பதிப்பை மாற்றும் பக்கத்தில் அதுவும் இல்லை. திருத்தத்தில் அந்த லாக்கை ஃபங்ஷனின் தொடக்கத்துக்கே ஏற்றினார்கள். பதிப்பை மாற்றும் இடத்திலும் அதே லாக்கைப் போட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: ரிங் இருக்கிறதா என்ற சோதனையும் லாக்குக்கு உள்ளேயே நடக்க வேண்டும். வெளியே பார்த்துவிட்டு உள்ளே மாற்றினால், லாக் கிடைப்பதற்குள் அந்தப் பதில் பழசாகியிருக்கும்.

ஏன் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச்சுற்றிப் பார்த்துக் காத்திருக்கும் லாக்) போடவில்லை? நினைவகம் ஒதுக்கும்போது த்ரெட் தூங்கிக் காத்திருக்க நேரலாம். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. சாக்கெட் லாக்கைப் பிடித்தபடி தூங்கலாம். வேகமும் குறையவில்லை. பாக்கெட்டுகள் இந்த ரிங்குக்குள் வந்து விழும் வழியில் அந்த லாக் குறுக்கிடுவதே இல்லை. அமைப்புகளை மாற்றும் அரிதான அழைப்புகள் மட்டுமே அதற்காகக் காத்திருக்கும்.