பிளிட்ஸில் வேகம் எங்கிருந்து வருகிறது?

பிளிட்ஸ் என்றால் ஆளுக்குச் சில நிமிடமே கொடுத்து ஆடும் வேகச் சதுரங்கம். இணையத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் உள்ள ஆட்டம் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் 40 நகர்த்தல் போகும் என்று வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் 180 விநாடியில் ஒரு நகர்த்தலுக்கு நாலரை விநாடிதான் வரும். அதற்குள் எதிராளி எதைக் குறிவைக்கிறார் என்று பார்த்து, இரண்டு மூன்று வழிகளை மனசுக்குள் ஓட்டி, ஒன்றைத் தேர்ந்து, மவுஸை இழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து யோசித்து இதைச் செய்ய யாராலும் முடியாது, கிராண்ட்மாஸ்டராலும்தான். அவர்கள் செய்வது வேறு வேலை.

நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரோட் 1946-இலேயே இதைக் கவனித்துவிட்டார். வலுவான ஆட்டக்காரர்களிடம் பலகையில் காய்கள் நிற்கும் ஒரு நிலையைக் காட்டி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஆழம் போகவில்லை, நல்ல நகர்த்தல் அவர்கள் கண்ணில் சீக்கிரமே பட்டுவிட்டது, அவ்வளவுதான். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதையே நினைவாற்றல் பக்கமிருந்து சோதித்தார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுகிறார், கற்றுக்குட்டிக்கு நாலைந்து காய்தான் நினைவில் நிற்கிறது. அதே காய்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுக் காட்டினால் மாஸ்டரும் கிட்டத்தட்ட கற்றுக்குட்டி ஆகிவிடுகிறார். ஆக, நினைவாற்றல் பொதுவாகப் பெரிதில்லை. பழகிய அமைப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் கண் இருக்கிறது.

கொத்து என்றால் என்ன? காஸ்லிங் செய்து, அதாவது யானையோடு ஒரே நகர்த்தலில் இடம் மாறி ஓரமாக ஒதுங்கிய வெள்ளை ராஜா ஜி1-இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), பக்கத்தில் எஃப்1-இல் யானை, முன்னால் எஃப்2, ஜி2, எச்2-இல் மூன்று சிப்பாய். புதியவருக்கு இது ஐந்து காய். பழகியவருக்கு ஒன்றே ஒன்று, அதோடு ஓர் எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டே வரும்: அந்த யானை நகர்ந்து போனால் முதல் வரிசையில் எதிரி யானை இறங்கி செக்மேட், ராஜாவுக்குத் தப்பிக்கக் கட்டம் கிடையாது. எச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போயிருந்தால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் அடங்கிவிடும். இதையெல்லாம் அவர் யோசிப்பதில்லை, பார்த்ததுமே தெரிகிறது. பிளிட்ஸில் வேகம் என்று நாம் வியப்பது முக்கால்வாசி இதுதான்.

சரி, இந்தக் கொத்துகள் எப்படிச் சேரும்? என் அபிப்பிராயத்தில், பிளிட்ஸ் ஆடிக்கொண்டே இருப்பதால் அதிகம் சேராது. நாலரை விநாடியில் ஒரு குதிரை ஃபோர்க்கை (குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்குவதை) தவறவிட்டால், தவறவிட்டதே உங்களுக்குத் தெரியாமல் ஆட்டம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தவறு என்று தெரியாத தவறு பழக்கமாகத்தான் மாறும். அதனால் ஆட்டம் முடிந்ததும் உடனே ‘மறுபடியும்’ பொத்தானை அழுத்தாமல், ஆட்டம் எங்கே கவிழ்ந்தது என்று அந்த ஓர் இடத்தை மட்டுமாவது பாருங்கள், ஒரு நிமிஷம் போதும். அப்புறம் பஸில், அதாவது ஒரு நிலையைக் கொடுத்துச் சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர். பலர் தங்கள் தகுதிக்கு மேற்பட்ட பஸில்களோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டுகிறார்கள். கணக்கிடும் திறனுக்கு அது நல்லது, பிளிட்ஸுக்கு வேண்டியது வேறு. எளிய பஸில்கள் கொஞ்சம் எடுத்து, அதே தொகுப்பைத் திரும்பத் திரும்ப, பார்த்த மாத்திரத்தில் விடை வரும்வரை போடுங்கள்.

கொத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. உளவியலாளர் மெரிம் பிலாலிச்சும் அவர் கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான ஒரு செக்மேட் உத்தி இருக்கும் நிலையை நல்ல ஆட்டக்காரர்களுக்குக் காட்டினார்கள். அதைவிடக் குறுகிய வழி ஒன்றும் அதே நிலையில் இருந்தது. ‘வேறு வழி தேடுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே அவர்கள் கண்கள் பழைய உத்தி சம்பந்தப்பட்ட கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணசைவுக் கருவி பிடித்துக் கொடுத்துவிட்டது. பழகியது கண்ணை மறைக்கிறது. அதனால்தான் எவ்வளவு அவசரமானாலும் எதிராளி நகர்த்தியதும் ‘இப்போது எனக்கு என்ன செக் வரும், எந்தக் காய் வெட்டுப்படும்?’ என்று ஒரு நொடி பார்ப்பது லாபம். ஒரே நகர்த்தலில் காயைத் தானமாகக் கொடுத்துத் தோற்கிற ஆட்டங்கள் ஏராளம்.

அடுத்தது கடிகாரம். முடிந்த ஆட்டத்தைத் திறந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் போனது என்று பாருங்கள். அநேகமாக நடுவில் எங்காவது 40 விநாடி ஒரே இடத்தில் போயிருக்கும், அதுவும் ஏறக்குறைய சமமான இரண்டு நகர்த்தல்களில் எது மேல் என்ற குழப்பத்தில். பத்து விநாடியில் முடிவாகாவிட்டால் ஏதோ ஒன்றை ஆடிவிடுங்கள். நீண்ட யோசனையைக் காய்கள் மோதி நிற்கிற இடத்துக்கு மிச்சம் வையுங்கள், அங்கே ஒரு தப்பு ஆட்டத்தையே விழுங்கும்.

பிரீமூவ் விஷயத்தில் பலருக்குப் பயம் ஒரு பக்கம், பேராசை ஒரு பக்கம். எதிராளி ஆடும் முன்பே உங்கள் நகர்த்தலைப் போட்டு வைக்கும் வசதி அது, லிசெஸ் தளத்தில் நேரமே செலவாகாது, செஸ்.காம் தளத்தில் 0.1 விநாடி. டி5-இல் உங்கள் குதிரை, ஈ4-இல் உங்கள் சிப்பாய் என்று வைப்போம். குதிரையை வெட்டினால் திருப்பி வெட்டுவதாகச் சிப்பாயை பிரீமூவ் போடுகிறீர்கள். எதிராளி வெட்டாவிட்டால்? டி5-இல் உங்கள் காயே இருப்பதால் சிப்பாய் அங்கே போக முடியாது, பிரீமூவ் தானே ரத்தாகிவிடும். நஷ்டமில்லை. ஆனால் காலியான ஜி5-க்கு பிஷப்பை பிரீமூவ் போட்டு, அதற்குள் எதிராளி எச்6-க்குச் சிப்பாயைத் தள்ளிவிட்டால் பிஷப் நேராகப் போய் சிப்பாய் வாயில் விழும். திருப்பி வெட்டுவதற்கு பிரீமூவ் தாராளமாகப் போடுங்கள், காலிக் கட்டத்துக்கு யோசித்துப் போடுங்கள்.

கற்றுக்கொள்ளும் காலத்தில் வெறும் மூன்று நிமிடத்தைவிட, நகர்த்தலுக்கு 2 விநாடி கூடும் 3+2 ஆட்டமே நல்லது என்பேன். இப்படி நேரம் கூடும் கடிகாரத்துக்கு முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1980-களின் கடைசியில் காப்புரிமை வாங்கினார். ஜெயிக்கிற நிலையில் இருப்பவன் வெறுமனே கடிகாரத்தால் தோற்கக் கூடாது என்பது இதில் உள்ள நியாயம்.

ரேட்டிங் (உங்கள் ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) இறங்கினால் கலங்க வேண்டாம். சம பலமுள்ளவர்களோடு ஆடும்போது, டிராவை விட்டுவிட்டால், அடுத்த ஐந்தும் தோற்க 32-இல் 1 வாய்ப்பு இருக்கிறது, நூறு ஆட்டத்தில் ஓரிரு முறை அப்படி நடப்பது சகஜம். ஆறாவதைக் கோபத்தோடு ஆடுவதுதான் பிரச்சினை.

கடைசியாக, விதியில் இருக்கும் ஒரு சலுகை. உங்கள் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் அது தோல்வி இல்லை, டிரா. அதனால் இரண்டு விநாடி மிச்சம், உங்களிடம் யானை, அவரிடம் ஒரே ஒரு சிப்பாய் என்றால் செக்மேட்டைத் தேடாதீர்கள். யானையைக் கொடுத்தாவது அந்தச் சிப்பாயை வெட்டிவிடுங்கள், அரைப் புள்ளி உங்களுடையது.