பூட்டுதான் போட்டிருந்தோமே!

விமானத்தில் பெட்டி வராதவர்களும், வந்த பெட்டியில் பொருள் குறைந்தவர்களும் கடைசியில் வந்து நிற்கும் மேசைக்குப் பின்னால்தான் எனக்கு வேலை. சமீபத்தில் மறுபடியும் ஒரு பாட்டி. கூட வந்த பேரன் எடுத்த எடுப்பிலேயே சொன்னது, "பூட்டுதான் போட்டிருந்தோமே சார்!" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

காணாமல் போனது ஒரு ஜோடி வளையலும், ஒரு வெல்வெட் டப்பாவும். டப்பாவுக்குள் இருந்தவை பாட்டி கல்லூரியில் படித்தபோது ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பதக்கங்கள். வெள்ளிகூட இல்லை. பார்வைக்கு நகை டப்பா மாதிரி இருந்தது, எடுத்துவிட்டார்கள். படிவத்தில் 'மதிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் கேட்க, பாட்டி சிரித்துக்கொண்டே பந்தயக் கதையை ஆரம்பித்துவிட்டார். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடியது, வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, இரவு ரயிலில் தனியாகப் போகும்போது டிரங்குப் பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டே தூங்கியது. "கைப்பையிலேயே வெச்சுக்கிறேன்னுதான் சொன்னேன் தம்பி. வெயிட்டா இருக்கும் பாட்டின்னு இவன்தான் உள்ள போட்டான்." பேரன் தரையைப் பார்த்தார்.

டிரங்குப் பெட்டி மேல் கால் வைத்துத் தூங்கியவருக்குத் தெரிந்த விஷயம், நான்கு சக்கரப் பெட்டி வாங்கிய பேரனுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டாத பெட்டி காவலில்லாத பெட்டி. பூட்டு அந்தக் காவலைத் தராது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிப் வைத்த பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா முனையை ஜிப் பற்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பிளந்துகொள்ளும். கையை விட்டு வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டோடு சேர்த்து ஜிப்பின் இரண்டு தலைகளையும் பெட்டியைச் சுற்றி ஒரு முறை இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை உங்களுக்குச் சந்தேகமே வராது. சரி, டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை ஏற்கும் பூட்டு? சோதனை அதிகாரிகள் திறப்பதற்காக அதற்கு மாஸ்டர் சாவி உண்டு. அந்தச் சாவிகளின் படம் 2014இல் ஒரு செய்தித்தாளில் வெளியானது. 2015இல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்து காட்டிவிட்டார்கள். பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி வழியில் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க அது உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. கொஞ்சமாவது பாதுகாப்பு வேண்டுமென்றால் ஜிப் இல்லாமல் கிளிப்பால் மூடும் கடினப் பெட்டி வாங்குங்கள். உடைத்தால் தடயமாவது மிஞ்சும்.

ஆகவே நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து, போன், லேப்டாப், திரும்பக் கிடைக்காத பழைய போட்டோ எதுவும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. போகவே கூடாது. இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான விமான நிறுவனங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. யார் படிக்கிறார்கள்?

கேபின் பை மட்டும் பத்திரமா என்றால், அதுவும் பாதிதான். தலைக்கு மேலே இருக்கும் பெட்டகத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். முக்கியமானதைச் சின்னப் பையில் போட்டு முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். இடமில்லை என்று வாசலில் கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்பினால், அந்தச் சின்னப் பையை உருவிக்கொள்ள மறக்காதீர்கள். வீல்சேரில் போகும் பெரியவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சோதனைக்கு அவர்களைத் தனியே அழைத்துப் போவார்கள், கைப்பை வேறு வழியாக ஸ்கேனரில் போய் அந்தப் பக்கம் கேட்பாரற்று நிற்கும். கூட வருபவர் முதலில் போய் அந்த டிரே பக்கத்தில் நிற்கட்டும். தனியாகப் போகிறார் என்றால், பை கண்ணில் படும் இடத்தில் நிறுத்தச் சொல்லி அவரே தயங்காமல் கேட்கலாம்.

குறைந்திருப்பது தெரிந்தால், வெளியே போகும் முன் எங்கள் மேசைக்கு வந்து பிஐஆர் என்ற பெட்டிப் புகார்ப் படிவம் எழுதுங்கள். வீட்டில் போய்த்தான் தெரிந்தது என்றால், பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் போக வேண்டும். அந்த உடன்படிக்கையில் இழப்பீட்டு உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. உச்சவரம்பு என்றால் அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கட்டாயம் அனுப்பியே தீர வேண்டுமென்றால், செக்-இனிலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, தொழில் ரகசியம் மாதிரி. செக்-இனில் பதிவான எடைதான் எங்களுக்கு நல்ல சாட்சி. இறங்கியதும் மறுபடி நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் குடும்பமாகப் போகிறவர்கள் எல்லாப் பெட்டியையும் சேர்த்து ஒரே எடையாகப் பதிந்துவிடுகிறார்கள். எந்தப் பெட்டியில் எவ்வளவு குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

பேரப்பிள்ளைகளே, கெஞ்சிக் கேட்கிறேன், பாட்டியின் பெட்டியை அவரை உட்கார வைத்துக்கொண்டு அடுக்குங்கள். என்ன காணோம் என்று எங்களிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அடுக்கியதை ஒரு போட்டோ எடுங்கள். மூடிய பிறகு இல்லை, மூடுவதற்கு முன்னால். மூடிய பெட்டியின் போட்டோவை ஆதாரமாக நீட்டியவர்களும் இருக்கிறார்கள்.